ஒரே ஒரு தடவை அழவைத்தவர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறைக்க வேண்டிய காரணம் ஒன்றும் கிடையாது. எழுதினால், அவரைத் தெரிந்தவர்கள் அந்த வரியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மேற்கொண்டு நான் சொல்ல வருவது அவர்கள் காதில் ஏறாது. பணியில் இருந்த காலம் முழுக்க அவர் பட்ட தொல்லையே அதுதான். நானும் அதைச் செய்ய வேண்டாம் என்று பார்க்கிறேன்.

புதுச்சேரியில், உப்பளம் பகுதியில் இருந்த ஓர் அரசு அலுவலகத்தில் நான் எழுத்தராகச் சேர்ந்தது புதிய நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தபோது. எங்கள் பிரிவுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து, தூசி படாமல் இருக்க அதற்குப் பூப்போட்ட உறை தைத்து மூடி வைத்திருந்தார்கள். யாரும் அதைத் தொடுவதில்லை. சேர்ந்த முதல் நாள், காலை பதினோரு மணி இருக்கும். ஒல்லியாக, கழுத்து நீண்ட, காதுகள் இரண்டும் யாரையோ விசாரிக்கக் கிளம்பியது போல முன்னால் வந்து நிற்கிற ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அறையில் பேனாக்கள் எல்லாம் நின்றன. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சூப்பிரண்டு சாரோட அம்மா காலையில தவறிட்டாங்க.”

அறை வெடித்துச் சிரித்தது.

“அய்யய்ய, நெஜமாத்தான்யா. சாவு வூட்லேர்ந்துதான் வரேன்.”

இன்னும் சிரிப்பு. “யோவ், மால வாங்கணும்யா” என்று அவர் கெஞ்சினார். தட்டச்சு செய்யும் அம்மா மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினார். அந்த மனிதரின் குரல் அப்படி. கனமாகத்தான் தொடங்கும். பாதி வழியில் எங்கேயோ தடுக்கி, கடைசிச் சொல்லில் கீச்சென்று முடியும். நானும் சிரித்தேன். அந்த அலுவலகத்தில் நான் செய்த முதல் காரியம், முகம் தெரியாத ஒரு பாட்டியின் சாவுக்குச் சிரித்தது.

பிறகு தொலைபேசி அடித்தது. தலைமை எழுத்தர் எடுத்துக் கேட்டார். வைக்கும்போது அவர் முகம் மாறியிருந்தது. அறை அடங்கியது. செத்துப் போகலாம் போல இருந்தது எனக்கு. வந்தவர் என் மேசைப் பக்கம் குனிந்து, “புதுசாம்மா? பரவால்ல, மொத நாளே பழகிட்ட” என்றார். அதற்கும் எனக்குச் சிரிப்பு வந்ததுதான் கொடுமை.

அன்றிலிருந்து ஓர் எழுதாத உத்தரவு அமலுக்கு வந்தது. கல்யாணம், காதுகுத்து, பதவி உயர்வு, புதிய வீடு எதுவானாலும் அவர் வந்து சொல்லலாம். துக்கச் செய்தி மட்டும் வேறு ஆள் மூலமாகத்தான் வர வேண்டும். அவரும் ஒப்புக்கொண்டார். சாவு வீடுகளுக்குப் போனால் பின்வரிசையில், ஆள் மறைவில், தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்பார். “மொகத்தக் காட்னா பாடியே சிரிச்சிடும்மா” என்பார்.

சிரிக்க வைப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. அவர் கஷ்டம் வேறு. பத்துப் பேர் சிரித்தால் அவர் கண் பதினோராவது ஆளைத் தேடும். சிரிக்காத ஒருத்தர் அந்த அறையில் இருந்தால், மற்ற பத்துப் பேர் சிரித்தது அவர் கணக்கில் சேராது. அந்த ஒருத்தரிடம் போய் நிற்பார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். சிரித்தால்தான் எழுந்திருப்பார். தணிக்கைக்கு வெளியூரிலிருந்து வந்த கடுகடுப்பான அதிகாரி ஒருவரை அவர் மூன்று நாள் இப்படித் துரத்தியிருக்கிறார். மூன்றாம் நாள் அந்த அதிகாரி, “விட்ருங்க, நான் சிரிச்சிட்டேன்” என்று கும்பிட்டாராம். அவர் நம்பவில்லை. “பல்லு தெரியலயே சார்” என்றாராம்.

எங்கள் அலுவலகத்து மனமகிழ் மன்றத்தில் ஒரு நாடகக் குழு இருந்தது. வருடத்துக்கு ஒரு நாடகம். அரசு ஊழியர்களுக்கான போட்டியில் போடுவார்கள். பதினெட்டு வருடமாக அதில் அவர்தான் காமெடி. வேலைக்காரன், கல்யாணத் தரகர், கம்பவுண்டர், அகப்பட்டுக்கொள்கிற திருடன். அவர் மேடைக்குள் ஒரு கால் வைத்தால் போதும், இன்னொரு கால் வருவதற்குள் அரங்கம் சிரித்துவிடும். நாடகத்தை எழுதி இயக்கியவர் எங்கள் இளநிலைப் பொறியாளர். அவருக்கு நாடகம் என்றால் கண்ணீர். ஒவ்வொரு நாடகத்திலும் குறைந்தது மூன்று பேராவது அழ வேண்டும். நடுநடுவே சபை எழுந்து போகாமல் இருக்கத்தான் நம் ஆளை வைத்திருந்தார்.

முதல் வருடம் எனக்குப் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலை. நாடகம் முடிந்ததும் அவர் முகத்துப் பவுடரைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“மூணாவது வரிச, ஓரத்துல ஒருத்தரு. வெள்ளச் சட்ட, முறுக்கு மீச. சிரிச்சாரா, பாத்தியாம்மா?”

“இல்ல சார்.”

“நாலு வருஷமா வராரு. ஒரு வாட்டி சிரிக்கல.” அன்றைக்கு அரங்கமே கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்திருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த மீசைக்காரர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். நம் ஆள் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் டின்னோடு போய்விட்டார். திங்கட்கிழமை வந்து சொன்னார்.

“போன்ழூர் முசேன்னேன். ‘ஆங்?’ன்னாரு. நான்தான் அந்த நாடகத்துல கம்பவுண்டரு முசேன்னேன். ‘ஆங்?’ன்னாரு. உள்ளேர்ந்து மதாம் வந்து, ‘பீரங்கிப் பக்கத்துலயே நின்னவரு, ரெண்டு காதும் கேக்காது, என்னா வோணும்?’னாங்க.”

“அப்புறம் ஏன் சார் வருஷா வருஷம் நாடகத்துக்கு வராரு?”

“ஹால்ல ஏசி இருக்குதாம்மா. வூட்ல இருந்தா மதாம் வேல வெக்கறாங்களாம்.”

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இவர் அடுத்த வருடம், காது கேட்காத ஒருவருக்காக, வசனமே இல்லாமல் ஏணியிலிருந்து வழுக்கி விழுகிற காட்சி ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். சொல்தா சிரித்தார். பக்கத்துச் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். நம் ஆள் ஒரு மாதம் முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு, அந்த நொண்டலைப் பதக்கம் மாதிரி அலுவலகம் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

அதற்கும் அடுத்த வருடம்தான் அது நடந்தது.

அந்த வருடத்து நாடகத்தில் ஓர் அப்பா. மகள் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதால் மூன்று வருடம் அவளோடு பேசாதவர். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, வீம்பை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறார். குழந்தை அன்று காலையிலேயே இறந்துவிட்டது. வாசலில் காவலாளி சொல்லித் தெரிந்துகொண்டு, தளர்ந்த நடையில் உள்ளே வந்து, மகளின் கட்டிலருகே நின்று நான்கு பக்க வசனம் பேச வேண்டும். பொறியாளர் அதை எழுதும்போதே அழுதாராம். மகளாக நடிக்க அலுவலகத்தில் வேறு பெண்கள் யாரும் முன்வரவில்லை. அதனால் நான். அப்பாவாக எங்கள் ஸ்டோர் கீப்பர். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி குரல் அவருக்கு. குழுவில் எப்போதும் அவர்தான் கதாநாயகன்.

போட்டிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது ஸ்டோர் கீப்பர் மழையில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார்.

பொறியாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் வசனம் வேறு யாருக்கும் தெரியாது. ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். ஒத்திகைக்கு எல்லா நாளும் வந்து உட்கார்ந்து, எல்லாருடைய வசனத்தையும் கேலி செய்து கேலி செய்து மனப்பாடம் ஆகியிருந்தது அவருக்கு. பொறியாளர் வேறு வழியில்லாமல் கேட்டார். “அண்ணே, நீங்க செய்வீங்களா?”

“வேணாம் சார்” என்றார். “அழ வெக்கறதப் பத்தி இல்ல. யாரும் சிரிக்காம ஒக்காந்துருப்பாங்க பாருங்க, அந்த அமைதி... அதெல்லாம் என்னால தாங்க முடியாது.”

அவர் அப்படி ஒன்றை நேராகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் நாங்கள் மூவரும் எங்கள் ஊர் கதிர்காமம் பகுதியில் இருந்த ஸ்டோர் கீப்பர் வீட்டுக்கு, உடம்பு விசாரிக்கப் போனோம். மாவுக்கட்டோடு படுத்திருந்தார். பேச்சு நாடகத்துக்கு வந்தது. யாரைப் போடப் போகிறீர்கள் என்று கேட்டார். பொறியாளர் தயங்கிக்கொண்டே நம் ஆளைக் கையால் காட்டினார்.

ஸ்டோர் கீப்பர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. “இவரா? அப்பாவா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். கட்டிலே ஆடியது. கால் வலித்து “அம்மா” என்று முனகிக்கொண்டே சிரித்தார். சமையலறையிலிருந்து அவர் மனைவி வந்து என்னவென்று கேட்டு, நம் ஆள் முகத்தைப் பார்த்து, அவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நம் ஆள் கூடச் சேர்ந்து சிரிப்பார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. காதுமடல்கள் சிவந்திருந்தன. கையில் கொடுத்த காபியை ஆறவிட்டு, குடிக்காமலே கீழே வைத்தார். தனக்குக் கிடைத்த சிரிப்பை வேண்டாம் என்று நினைத்த மனிதராக அவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது பொறியாளரிடம், “நாளைக்கி ஒத்திகை எத்தினி மணிக்கு?” என்று கேட்டார்.

ஒத்திகை மகா மோசமாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும். மார்பில் கைவைத்தார். உதட்டை நடுங்க வைத்தார். “மகளே” என்று அழைத்தார். எங்கள் ஊரில் எந்த அப்பனும் மகளை “மகளே” என்று கூப்பிட்டதில்லை. குரல் கடைசியில் கீச்சென்று போனது. குழந்தையை இழந்து படுத்திருக்க வேண்டிய நான் தலையணையைக் கடித்துக்கொண்டு குலுங்கினேன்.

“அழறியாம்மா?” என்று ஆவலாகக் கேட்டார்.

“இல்ல சார்.”

“திமிரு” என்றார்.

பொறியாளர் எட்டு நாள் போராடினார். கடைசியில், “அண்ணே, ஒண்ணுமே பண்ணாதீங்க. சும்மா நில்லுங்க, போதும்” என்றார்.

“ஒண்ணுமே பண்ணாம எப்புடி சார் நிக்கறது?”

“ஆபீசுல பண்றீங்களே, அதே மாதிரி.”

போட்டி நாள் வந்தது. சாயங்காலம் ஆறரை மணிக்கு எங்கள் நாடகம். அரங்கம் நிறைந்திருந்தது. நோட்டீசில் அவர் பெயரைப் பார்த்துவிட்டு, சிரிப்பதற்கென்றே குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். வீட்டில் அவர் மனைவியை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். வேண்டாம் என்றதாலேயே அந்த அம்மா வந்திருந்தார். அதுவரை ஒரு நாடகத்துக்கும் வந்ததில்லை.

நான் கட்டிலில் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தேன். அவர் கையில் ஒரு மஞ்சள் துணிப்பையோடு மேடைக்குள் கால் வைத்தார்.

அரங்கம் சிரித்தது. பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள்.

எழுதியிருந்தபடி அவர் தலை குனிந்து, தளர்ந்து நடந்து வர வேண்டும். செத்த குழந்தையைப் பார்க்க வருகிற மனிதரைப் பார்த்து ஐந்நூறு பேர் சிரிக்கிறார்கள். அவர் நின்றுவிட்டார். கண்ணோரத்தில் எனக்கு அவர் கால் மட்டும் தெரிந்தது. முடிந்தது, இப்போது துண்டை உதறித் தோளில் போடுவார், அந்தப் பழைய நடையை நடப்பார், நாடகம் காமெடியாகிவிடும் என்று நினைத்தேன். பொறுக்க முடியாமல் லேசாகத் திரும்பிப் பார்த்தேன்.

அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் எதிரே வருகிற முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் நல்ல சேதி சொல்லிக்கொண்டே வருகிற ஆள் மாதிரி. அப்புறம் விறுவிறுவென்று என் கட்டிலுக்கு வந்தார்.

“எங்கம்மா புள்ள? யாரு மாரி இருக்குது?”

நாடகத்தில் அப்படி ஒரு வசனம் கிடையாது. அந்த அப்பாவுக்குக் குழந்தை இறந்தது தெரியாது என்று அந்த இடத்திலேயே மாற்றிவிட்டார். காவலாளி அவரிடம் எதுவும் சொல்லவில்லை. இனி நான்தான் சொல்ல வேண்டும். எனக்கோ பதில் வசனமே இல்லை.

“என்ன மாரி இல்லாம இருந்தா சரி” என்றார். பெரிய சிரிப்பு.

பைக்குள் கைவிட்டு ஒரு கிலுகிலுப்பையை எடுத்தார். ஆட்டிக்கொண்டே கட்டிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார், தொட்டில் எங்கே என்று தேடினார். சிரிப்பு கொஞ்சம் குறைந்து வந்தது.

“தூங்குதா? சரி சரி, எழுப்ப வேணாம்” என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். இன்னும் சிலர் சிரித்தார்கள்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடிப்பெல்லாம் இல்லை; என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கை மட்டும் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே இருந்தது. நிறுத்த மறந்துபோன கை. அப்புறம் இன்னொரு கையால் அதைப் பொத்திப் பிடித்து அந்தச் சத்தத்தை நிறுத்தினார்.

அரங்கில் ஒரு சத்தம் இல்லை. மேலே ஏசி ஓடுவது கேட்டது.

அவர் மார்பில் கைவைக்கவில்லை. உதடு நடுங்கவில்லை. கிலுகிலுப்பையைப் பைக்குள் போட்டார். பையின் இரண்டு காதுகளையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டார். அதன்மேல் இன்னொரு முடிச்சு. இன்னொன்று. இனி யாரும் அவிழ்க்கவே கூடாது என்பது போல, காது தீரும்வரை முடிச்சுப் போட்டார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான்கு பக்க வசனத்தில் ஒரே ஒரு வரியைத்தான் சொன்னார்.

“மூணு வருஷம் பேசாம இருந்துட்டேன்.”

குரல் கடைசிச் சொல்லில் வழக்கம்போல் கீச்சென்று உடைந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் அழுதேன். திரைக்குப் பின்னால் பொறியாளர், தான் எழுதிய வசனம் அத்தனையும் போய்விட்டதே என்ற கோபத்தோடு அழுதார்.

பிறகு ஒப்பனை அறைக்குப் போனபோது அவர் ஒரு மூலையில் இரும்புப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். முடிச்சுப் போட்ட பை மடியில் இருந்தது.

“போச்சாம்மா?” என்றார்.

“என்ன சார், எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டுனாங்களே!”

“அது கடசியில. நடுவுல ஒரு சத்தமும் வரலயே. எந்திரிச்சிப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். திரும்பிப் பாக்க பயமா இருந்துச்சி. அதான் முடிச்சுப் போட்டுக்கினே இருந்தேன்.”

அப்போது அவர் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அறையில் இருந்தவர்களெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். அந்த அம்மா எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார்.

“எதுக்கு எல்லாரும் அழுதீங்க?” என்று கேட்டார்.

“உங்க வீட்டுக்காரர் நடிப்பு அப்படிம்மா” என்றார் பொறியாளர்.

“இதுல நடிப்பு எங்க இருக்குது? வூட்ல இப்புடித்தானே இருப்பாரு. ஆபீசுலேர்ந்து வந்தா வாயத் தொறக்க மாட்டாரு. எங்கனா பாத்துக்கினு ஒக்காந்துருப்பாரு. முப்பது வருஷமா இந்த மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருக்கேன். நான் ஒரு நாளாவது அழுதேனா?”

எங்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. வீட்டில் ஒரு வார்த்தை பேசாத மனிதர் இவர் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் அசடு வழியச் சிரித்து, “எல்லாத்தயும் ஆபீசுலயே செலவு பண்ணிட்டா வூட்டுக்கு ஏது?” என்றார். அந்த அம்மா, “அதான் தெரியுதே” என்று பையை வாங்கிக்கொண்டார்.

அந்த வருடம் முதல் பரிசு எங்களுக்கு. சிறந்த நடிகர் அவர். அலுவலகத்தில் ஒரு கதையும் கிளம்பியது. அவருக்கு எப்போதோ ஒரு குழந்தை இறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இப்படி நடிக்க முடியாது என்று. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டே விட்டேன்.

“அடிப் போம்மா. எனக்கு ரெண்டு. ரெண்டும் கல்லு மாரி இருக்குதுங்க” என்றார். தயிர்சாதத்தை இரண்டு வாய் சாப்பிட்டார். “நான் ஒண்ணும் நெனக்கல. முன்னாடி வரிசையில ஒரு பொண்ணு சிரிச்சிட்டு இருந்துச்சி. இத்தினி வருஷமா சிரிப்பு எப்ப ஆரம்பிக்கும்னு பாத்துக்கினு நிக்கற ஆளு நானு. அன்னிக்கி எப்ப நிக்கும்னு பாத்துக்கினு நின்னேன். அவ்ளோதான்.”

இதற்கப்புறம்தான் அவருக்குக் கெட்ட காலம்.

முதல் இரண்டு மாதம் அவரே கொஞ்சம் ஆடினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜிப்பா போட ஆரம்பித்தார். தாடி விட்டார், அது கன்னத்தில் அங்கங்கே மட்டும் முளைத்தது. கோப்பைக் கொடுத்தால் வாங்குவதற்கு முன் ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தார். ஆனால் மூன்றாவது மாதம் அவர் ஒரு ஜோக் அடித்தார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். “எவ்ளோ அர்த்தம் பாருங்க” என்றார் தட்டச்சு அம்மா.

அதைவிட மோசம், ஆட்கள் அவரிடம் வந்து அழ ஆரம்பித்தார்கள். மற்ற பிரிவுகளிலிருந்தெல்லாம் வந்தார்கள். மாமியார் கொடுமை, மகன் பரீட்சையில் தோற்றது, இடமாற்றம். டிரைவர் ஒருவர் தன் செத்துப்போன மாட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் அழுதார். இவர் எதிரே உட்கார்ந்து, நடுவில் எங்காவது சிரிக்க இடம் கிடைக்குமா என்று திணறிக்கொண்டிருந்தார். இரங்கல் கூட்டங்களில் அவரைத்தான் பேசச் சொன்னார்கள். தலைமை எழுத்தரே வந்து, “துக்கச் சேதிய நீங்க வந்து சொன்னா நல்லாருக்கும்” என்றார்.

“என்னக் கொன்னுட்டாங்கம்மா” என்றார் என்னிடம். ஜிப்பா போய்விட்டது. தாடியும் போய்விட்டது. மரியாதை மட்டும் போகவில்லை.

அடுத்த வருடம் பொறியாளர் அவருக்காகவே இன்னொரு அப்பாவை எழுதிக்கொண்டு வந்தார். இந்த அப்பாவுக்குக் கண்ணும் தெரியாது. அவர் பிரதியைக் கையில் வாங்கவே இல்லை.

“எனக்குக் கம்பவுண்டர் வேஷம் குடுங்க சார்.”

“அண்ணே, உங்க லெவலே வேற இப்போ.”

“பழைய லெவலே போதும். இல்லாட்டி நான் வரல.”

ஸ்டோர் கீப்பர் கால் சரியாகி வந்து அப்பாவானார். இவர் கம்பவுண்டர். நான் அந்த வருடம் மறுபடியும் பக்கத் திரைக்குப் பின்னால், வசனப் பிரதியோடு. திரையின் இடுக்கு வழியாக முன்வரிசை கொஞ்சம் தெரியும்.

அவர் மேடைக்குள் கால் வைத்தார். அரங்கம் அமைதியானது. இருபது வருடத்துக்கு மேலாகச் சிரித்த அதே ஜனம். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் மாத்திரை டப்பாவைத் தலைகீழாகத் திறந்து கொட்டினார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பொறுக்கக் குனிந்து மேசையில் இடித்துக்கொண்டார். யாரோ “உச்” என்று அனுதாபப்பட்டது எனக்குக் கேட்டது. ஊசியை எடுத்துத் தன் விரலிலேயே குத்திக்கொண்டு கத்தினார். கீச்சென்ற அதே குரல். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. முன்வரிசையில் ஓர் அம்மா, வரப் போவதை எதிர்பார்த்து, முந்தானையை இப்போதே கையில் சுருட்டித் தயாராக வைத்திருந்தார்.

அவர் முகத்தில் வியர்வை. பவுடர் கோடு கோடாக வழிந்தது. நான் அடுத்த வசனத்தைக் கிசுகிசுத்தேன். அவருக்கு வசனம் மறக்கவில்லை. மேடையின் விளிம்புக்கு நடந்து வந்து, கையில் ஊசியோடு, அந்த அம்மாவைப் பார்த்து நின்றார்.

“யம்மா” என்றார். “முந்தானைய எறக்குங்க. இந்த வருஷம் யாரும் சாவல.”

அப்புறம் எங்கேயோ நடுவில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அது பக்கத்தில் தொற்றியது. பின்னால் போனது, திரும்பி முன்னால் வந்தது. அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் அந்த அரங்கில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கட்டிலில் செத்துக்கொண்டிருக்க வேண்டிய ஸ்டோர் கீப்பர் போர்வைக்குள் ஆடினார். பொறியாளர் கையிலிருந்த தாள்களை என் காலடியில் வீசி எறிந்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் குனிந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்க எண் போடாமல் எழுதுவது அவர் வழக்கம்.

மேடையிலிருந்து சபையோடு பேசியதற்காக எங்கள் நாடகத்தைப் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். ஸ்டோர் கீப்பர் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் இருவரும் அரங்கத்துக்கு எதிரே இருந்த கடையில் டீ வாங்கிக்கொண்டு நின்றோம். மழை தூறி விட்டிருந்தது. கலைந்து போகிற ஜனம் அவரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கையாட்டியது. ஒருத்தர் கூட அருகே வந்து மரியாதையாகப் பேசவில்லை. அவர் ஒவ்வொருத்தருக்கும் தலையாட்டினார். ஆனால் டீயைக் குடிக்கவில்லை.

“அந்தம்மா” என்றார்.

“எந்தம்மா சார்?”

“முன்வரிச. நான் சொன்னதும் முந்தானையால கண்ணத் தொடச்சாங்களே. அது சிரிச்சித் தொடச்சாங்களா, இல்ல...”

“சிரிச்சித்தான் சார்.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன் சார். பல்லு தெரிஞ்சுது.”

நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. தரையில் கிடந்த தாள்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தம்ளரை நீட்டி, இன்னொன்று போடச் சொன்னார்.